வாசிக்கத் தெரியாதவர்

செவ்வாயிலிருந்து இரண்டாம் எஸ்கலேட்டர் ஓடவில்லை.
டூட்டிங் பிராட்வே நிலையத்தில்
சாவியைத் திருப்பி அதை நிறுத்தியவள் நான்.
மஞ்சள் பலகையை வைத்தவளும் நான்:
ஓடாது. படியாக நடந்து ஏறவும்.

வாசிக்கிறார்கள். தலையாட்டுகிறார்கள்.
எல்லாம் புரிந்த முகத்தோடு காலை எடுத்து வைக்கிறார்கள்.
வைத்த கணத்தில்
உடம்பு ஒரு சாண் முன்னே போய்த் திரும்புகிறது.
கோட்டுப் போட்டவர், சிமெண்ட் காய்ந்த பூட்ஸ்காரர்,
பூங்கொத்தும் கோபமுமாய் வந்த பெண்,
எல்லோருக்கும் அதே குனிவு,
அங்கே இல்லாத சாமிக்கு.

யானைக்கும் அடி சறுக்கும் என்று
ஆறுதல் சொல்லலாம்தான்.
இங்கே ஈரமில்லை, எண்ணெயில்லை.
படி, படியாகவே நிற்கிறது.
சறுக்குவது அதில்தான்.

"இந்த ஆள் தடுமாறமாட்டார்" என்று
க்ளென்ராய் ஆளுக்கொரு பவுண்டு கட்டுகிறான்.
வியாழன் மதியத்துக்குள்
என் சட்டைப் பையில் பதினோரு பவுண்டு.

அதில் ஒன்று,
கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை தொங்க வந்த பெண்மணியால்.
தடுமாறினார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு
தன்னைப் பார்த்துத் தானே சிரித்தார்.
"ஒன்பது மணிக்கு
இதைத்தான் வகுப்பெடுக்கப் போகிறேன்.
உங்கள் பலகையை வாசித்தது ஒருவர்.
காலுக்குக் கணக்கெழுதுபவர் வேறொருவர்,
இங்கே, பிடரிக்கு மேலே, சிறுமூளையில்.
அவருக்கு வாசிக்கத் தெரியாது."
மீதிப் படிகளை ஓடியே ஏறினார்.
ஒரு படிகூடத் தவறவில்லை.

அதன் பிறகு
அந்த வாசிக்கத் தெரியாதவரை
என்னால் சும்மா விட முடியவில்லை.
யாருக்கோ பேருந்து நிறுத்தத்தைக் காட்டக் கையை நீட்டுகிறேன்;
கை எழும்புமுன்னே
கெண்டைக்கால் இறுகிவிடுகிறது.
கை எழுந்தால் உடம்பு முன்னே சாயும்,
ஆகவே
கேட்காமலே ஒரு முட்டுக்கொடுப்பு.
பதினாலு வருடமாக என்னோடு ஷிஃப்டுக்கு வருகிறவர்.
சம்பளச் சீட்டில் பெயரில்லை.

வீட்டிலும் அவர்தான்.
நிலவன் குடித்து முடித்த பால் பெட்டியை
அப்படியே ஃபிரிட்ஜில் திருப்பி வைப்பான்.
இரண்டு லிட்டருக்கு வேண்டிய பலத்தோடு நான் தூக்க,
கை மேல்தட்டில் போய் இடிக்கும்.
அவனை ஏசுவது பிறகு.
முதலில் ஏமாறுவது தோள்.

வெள்ளி மாலை ஒரு குடும்பம்.
பெட்டிகளில் விமானச் சீட்டு இன்னும் கிழிக்கப்படவில்லை.
மகளுக்கு ஐந்து வயதிருக்கும்,
ஜனவரிக்குப் போதாத செருப்பு.
க்ளென்ராய் இரண்டு பவுண்டு கட்டினான்,
விழுவாள் என்று, முதல்முறையாக.
அவள் ஏறினாள்.
ஒரு படி, இன்னொரு படி,
மலையில் ஏறுவதுபோல, கோயிலில் ஏறுவதுபோல,
எங்கும் எதுவும் தானாக ஓடும் என்று
அவள் காலுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.
பின்னால் வந்த அம்மாவும் அப்படியே.
அவர்களுக்கு நடுவே அவசரமாய் நுழைந்த ஒருவர்மட்டும்
சாமி கும்பிட்டார்.
நான் பணத்தை வாங்கவில்லை.
திங்கட்கிழமைக்குள் அவளும் கற்றுக்கொள்வாள்.

கடைசி ரயில் போன பின்
மேடையைக் கூட்டிவிட்டு மேலே வந்தேன்.
சாவி என் இடுப்பில்.
பலகை என் கையெழுத்து.
நான்கு நாளாக நானே எண்ணிய தடுமாற்றங்கள்
இருநூற்றுக்கு மேல்.
மூச்சைப் பிடித்து, பார்த்து, தெரிந்தே
காலை வைத்தேன்.
ஒரு சாண்.
மேலே க்ளென்ராயின் சிரிப்பு
ஓட்டுக்கு ஓடு மோதி இறங்கி வந்தது.

வீடு சேர ஒன்றரை மணி.
இனி ஏமாறுவதில்லை என்று
பால் பெட்டியை
இரண்டு விரலால், இறகைப் போலத் தூக்கினேன்.
அன்று பார்த்து
நிலவன் புதுப் பால் வாங்கி வைத்திருந்தான்.

துடைத்துக்கொண்டிருக்கிறேன்.
முழங்காலிட்டுக் குனிந்தபோது
முதுகு முன்பே தயாராக இருந்தது.