பதினேழாவது பல்

பெர்ன், நவம்பர். நாலு மணிக்கே
ஜன்னலை மூடுபனி தின்றுவிட்டது.
யாருடையதோ கடைவாய்ப்பல்,
அதன்மேல் மூன்று மில்லிமீட்டர் பீங்கான்,
நடுவே முடியளவு சிமென்ட்.
ஆரஞ்சுக் கண்ணாடி வழியே பார்த்தபடி
நீல ஒளியை அழுத்திப் பிடிப்பேன்:
இருபது நொடி. பத்துக்கு ஒரு பீப்.

கனத்த பீங்கானுக்கு அடியில்
கொஞ்ச ஒளிதான் போய்ச் சேரும்.
மிச்சத்தை இருட்டே மெல்லப் பார்த்துக்கொள்ளும்
என்கிறது சிமென்ட் டப்பாவிலிருந்த துண்டுச்சீட்டு.
நான் நம்பவில்லை.
அதனால்தான் இந்த எந்திரம், இந்த இழுவை,
சனிக்கிழமையிலும் நான்.

ஒளி காட்டாத வரிசை
ஒவ்வொன்றாய்க் கழன்று வந்தது.
எட்டு. ஒன்பது. ஏழரை.
பதினேழு மட்டும் விடவில்லை.
விசை ஏறியது, இன்னும் ஏறியது,
'டக்'
உடைந்தது பல்.
பசை அப்படியே இருந்தது.

"ஒட்டாத எண், தூக்கிவிடு" என்றாள் ரெகுலா,
கோட்டில் ஒரு கையை நுழைத்துக்கொண்டே.
ஒட்டாத எண்ணா?
சிரிப்பு வந்தது, அவளுக்கு விளக்கவில்லை.

அவள் போனபின் பழைய ஏட்டைப் புரட்டினேன்.
பதினேழுக்கு நேரே
'ஒளி இல்லை' என்றிருக்கிறது,
என் கையெழுத்தில்தான்.
அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்.