பதினெட்டு மாதச் சொற்கள்

பீல் நகரில், ரயில் பாலத்துக்குப் பின்னால்,
பெற்றோர் ஆலோசனை நிலையத்தின் இரண்டாம் மாடி.
எனக்கு மணித்தியாலக் கூலி.
கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதென்று
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

தாதி ஏஷ்லிமன் ஆரணனைத் தராசில் வைத்தாள்,
தலையைச் சுற்றி நாடா பிடித்தாள்,
நான்கு கட்டைகளை அடுக்கக் கொடுத்தாள்.
மூன்றை அடுக்கினான். நாலாவதை வாயில் வைத்தான்.
"எத்தனை சொல் பேசுகிறான்?"

இன்பராசா விரல் மடித்தான்,
இரவெல்லாம் ஹோட்டல் கோப்பை கழுவி
ஊறி வெளுத்த விரல்கள்.
அம்மா. பால். இஞ்ச. பஸ்.
பிறகு முகம் மலர,
"அடி எண்டும் சொல்லுவான்."

அவள் தன் எழுத்தில் அதையும் எழுதி நிமிர்ந்தாள்:
"அப்படியென்றால்?"

எத்தனை கதவுகள் இருந்தன எனக்கு.
பாதம் என்றிருக்கலாம்.
பிள்ளை தத்தி எடுத்துவைக்கும் எட்டு என்றிருக்கலாம்.
பானையின் அடி, மரத்தின் அடி,
செய்யுளில் ஒரு வரி.
இன்பராசாவின் முகத்தில் இப்போதுதான்
அந்தச் சொல் வந்து இறங்கியது.
என்னைப் பார்த்தான். தமிழில் பார்த்தான்.

ஆரணன் காத்திருக்கவில்லை.
மரக்கரண்டியை எடுத்துத்
துணிக்கரடியின் தொடையில் ஒன்று வைத்தான்.
"அடி," என்றான், தெளிவாக.
பிறகு தூக்கிக் கொஞ்சினான்.
இரண்டையும் ஒழுங்கு மாறாமல் கற்றிருந்தான்.

சொன்னேன்.
ஜெர்மனில் அதற்கு ஒரே அசை.

"லேசாத்தான்," என்றான் அவன்.
அதையும் சொன்னேன்.
அந்தத் 'தான்' மட்டும்
மொழி மாற மறுத்து நாக்கிலேயே நின்றது.

ஏஷ்லிமன் தொலைபேசியைத் தொடவில்லை.
"எந்த நேரத்தில்?" என்று கேட்டாள்.
இதை அவனிடம் யாரும் கேட்டதில்லை போலும்.
"விடிய ஏழு மணி. நான் படுக்கிற நேரம்,
அவன் எழும்புற நேரம்.
மனுசி அப்ப வேலைக்கு இறங்கியிடும்."
ஏழின் கீழ் அவள் கோடிட்டாள்.
ஏழிலிருந்து பதினொன்றுவரை யார் பார்ப்பது,
காப்பகத்தில் இடம், அதற்கு நகரம் தரும் பங்கு,
பயந்த பிள்ளை சொல் சேர்ப்பதை விட்டுவிட்டுக்
காலடிச் சத்தத்துக்கே காது கொடுத்திருக்கும் என்பது
எல்லாம் என் வாய் வழியாகப் போயிற்று.
இன்பராசா கடைசிவரை
கரடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

படிவத்தில் எழுதினேன்: நாற்பத்தைந்து நிமிடம். மொழி, தமிழ்.

வீட்டில், மேல்தட்டுச் சீனிப்போத்தலுக்குக் கை உயர்த்தினேன்.
மேசையில் என் மகன், முப்பது வயது, தாடிக்காரன்,
கைபேசியில் கண்ணை வைத்தபடியே
தலையைச் சற்று உள்ளே இழுத்தான்.
அவனுக்கே தெரியாது.

எந்த நேரத்தில்?
பின்னேரம் ஆறு மணி.
வாய் திறக்க மறுத்த சோற்றுக் கோப்பை.
மாடியில், பக்கத்தில், ஒருவரும் இல்லாத குளிர்காலம்.

போத்தலை மெதுவாக இறக்கினேன்,
அவன் பார்க்கிற பக்கமாக.