நான்காவது பெட்டி

சந்தியாகோவில், பேருந்து நிலையத்தின் பின்தெருவில்,
ஒரு கடைத் தரையில் மண்டியிட்டிருக்கிறேன்.

நான் ஓட்டும் வண்டியில்
ஒரு சக்கரமே இரண்டாள் உயரம்.
முந்நூறு டன் தாமிரப் பாறையோடு
அதை வளைவில் திருப்புவேன்,
மறு கையில் ரொட்டி இருக்கும்.
இங்கே எலுமிச்சம்பழம்போல் நான்கு சக்கரங்கள்.
இவற்றை நம்பத்தான் மனம் வரவில்லை.

ஏழு நாள் மேலே, பாலைவனத்தில்.
ஏழு நாள் கீழே, வீட்டில்.
ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு விமானம்,
ஒவ்வொன்றிலும் பத்து கிலோதான் நான்.

முதல் பெட்டி ஒன்பது மாதம் உழைத்தது.
கலாமாவின் தூசி அச்சுக்குள் புகுந்து
சக்கரம் சுழல மறந்தது.
ஒரு பக்கமே தேய்ந்து
பிறையாய் மெலிந்தது.
இரண்டாவதுக்கு ஆமை ஓடு.
உறைபனிக் காலையில் படியிலிருந்து நழுவி
அவித்த முட்டையாய் விரிந்தது.
மூன்றாவதைப் பிறகு சொல்கிறேன்.

கடைக்காரன் பெயர் தியூஃபோர். ஹைத்தியிலிருந்து வந்தவன்.
"ஆயுட்கால உத்தரவாதம்" என்றான்.
"யாருடைய ஆயுள்?"
"பெட்டியுடையதுதான், சென்யோரா."
அதற்குப் பிறகு அவனை நம்பினேன்.

மாடு வாங்குகிறவன் மாதிரி பல்லைப் பார்த்தேன்.
ஜிப்பின் பல்லை.
அவன் ஒரு பேனாவை எடுத்து நடுவில் குத்தினான்.
பூட்டு பூட்டியபடியே இருக்க
பெட்டி பயற்றங்காயாய்ப் பிளந்தது.
இழுவையை ஒருமுறை ஓட்டினான்,
ஒன்றும் நடக்காததுபோல் மூடிக்கொண்டது.
"இதன் விலை அதிகம்" என்றும் சொன்னான்.
அடுத்ததில் பேனாதான் உடைந்தது.

கைப்பிடியை நீட்டி ஆட்டினேன்.
மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்தினேன்.
சக்கரத்தைப் பிடித்திருப்பது ஆணியா, திருகா?
திருகென்றால் எடை கூடும்,
ஆனால் சாப்பாட்டு மேசையிலேயே மாற்றிவிடலாம்.

மூன்றாவது பெட்டி உடையவேயில்லை.
கறுப்பு.
விடிகாலை ஐந்து மணி விமானத்தில்
எல்லோருக்கும் ஒரே பூட்ஸ், ஒரே மேலங்கி, ஒரே கறுப்பு.
டிசம்பரில் வீட்டுக்கு வந்து திறந்தால்
எனக்கு மடிக்கத் தெரியாத மடிப்பில் சட்டைகள்.
மூச்சுக்குழல் மருந்து.
ஒரு பள்ளிக் கணக்கு நோட்டு.
எழுத்து குழந்தையுடையது இல்லை.
பின்னங்கள், பக்கம் பக்கமாக.
தப்பானவற்றைத் தானே சிவப்பில் சுழித்திருந்தான்.

என் பெட்டி ஏழு நாள் அவன் வீட்டில் இருந்தது.
அதில் என்ன இருந்தது என்பதை
இங்கே சொல்வதாக இல்லை.

மேலே, உணவகத்துக்கு வெளியே,
போர்க்கைதிகளை மாற்றிக்கொள்வதுபோல் மாற்றிக்கொண்டோம்.
எவாரிஸ்தோ கயுக்கேயோ, பாறை உடைக்கும் பிரிவு,
ஐம்பது தாண்டியிருக்கும்.
"நன்றி" என்றான். "நன்றி" என்றேன்.
நான் திறந்ததை அவன் அறிவான்,
அவன் திறந்ததை நான்.

ஒரு இரவு, இறக்குவதற்கு வரிசையில் நிற்கும்போது,
வானொலியில் கேட்டுவிட்டேன்:
"மூன்றில் இரண்டும் நான்கில் ஒன்றும் சேர்ந்தால்?"
வெகுநேரம் இரைச்சல் மட்டும்.
கோபித்துக்கொண்டான் என்று நினைத்தேன்.
பிறகு, "பன்னிரண்டில் பதினொன்று.
நூற்றிநாற்பது, நீ கொட்டலாம்."

ஆனாலும் இன்றுவரை
அந்தப் பெட்டியைத் திறக்கும்போது
ஒரு நொடி கை தயங்குகிறது.

"கறுப்பு அழுக்குக் காட்டாது" என்றான் தியூஃபோர்.
"கறுப்பு வேண்டாம்."
"இதில் வேறு நிறம் ஒன்றே ஒன்று.
எட்டு மாதமாக யாரும் வாங்கவில்லை."
உள்ளேயிருந்து கொண்டுவந்தான்.
பரங்கிப்பூ நிறம்.
வெறும் பெட்டியே மூன்று கிலோ இருநூறு.
எனக்கு மீதி ஆறு கிலோ எண்ணூறு.

தெருவில் இறக்கி
பெயர்ந்த கற்கள் மேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்தேன்.
நாய் ஒன்று குரைத்துக்கொண்டே வந்தது.
அவன் வாசலில் காதைக் கொடுத்து நின்றான்.

"இடது பின்சக்கரம்" என்றான்.
"ஆமாம். இரண்டு வருடம் வரும்."
"மூன்று."

மேசை இழுப்பறையில் துழாவி
ஒரு சின்னத் திருப்புளியை இனாமாகத் தந்தான்.
"பெட்டியில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.
விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள்."