உளுத்த கட்டை

இங்கே யாரும் ஏலக்காய் தின்பதில்லை.
காப்பியில் தட்டிப் போடுவதில்லை,
சோளக்கஞ்சியில் சேர்ப்பதில்லை.
தலைமுடியில், போர்வையில்,
தூங்கும் பிள்ளையின் காதுமடலில்
அந்த வாசனை தானாக ஏறிக் கிடக்கிறது.
கடல் தாண்டி யாரோ நசுக்கிக் குடிக்கிறார்களாம்.
குடிக்கட்டும்.
காயவைப்பது என் வேலை.

கோபானுக்கு மேலே மேகம் தரையில் நடக்கும் ஊர்.
சிப்பி-சிப்பி என்கிறோம் இந்தத் தூறலை.
பெய்கிறதா நின்றுவிட்டதா தெரியாமல்
மாதக்கணக்கில் பெய்யும்.
வெயிலை நம்பினால் ஒரு துணி காயாது.
ஆகவே உலை.
நூறு மூட்டை பச்சைக்காய் உள்ளே போனால்
இருபது மூட்டை வெளியே வரும்.
மீதி நீராவி, மேகத்தோடு போய்ச் சேரும்.
விறகு எங்கும் போய்ச் சேராது.

மார்ச், அறுவடையின் கடைசி வாரம்,
தலைநகரத்திலிருந்து இங்கிரிட் வந்தாள்.
சேற்றில் ஒரு செருப்பை விட்டாள், சிரித்தாள்,
படிவத்தை விரித்தாள்.
பெயர்?
ஒடிலியா காஆல்.
உலை?
ஒன்று.
விறகு எங்கிருந்து?
"லாரியிலிருந்து" என்றேன்.
பேனா நின்றது.
நான் பொய் சொல்லவில்லை.
என் முற்றத்தில் இறங்கும்போது
மரம் ஏற்கனவே அளவாகிவிட்டிருக்கும்.

பறவைகள்?
"இருக்கின்றன."
கட்டத்தில் எண் வேண்டும் என்றாள்.
உலைக்குப் பின்னாலிருந்து எலியாஸ் கத்தினான்:
"சேவலைச் சேர்த்தா, சேர்க்காமலா?"

அன்றிரவு மார்கோஸ் தியூலின் லாரி.
உளுத்த கட்டையை நடுவில் செருகி
அளவைக் கூட்டுவது அவன் பழக்கம்.
எரியாது, புகையும்.
புகை பிடித்தால் காய் மஞ்சள்.
மஞ்சள் என்றால் பாதி விலை.
தூக்கி எறியப் போனேன்.
கட்டையில் ஒரு பொந்து,
என் முஷ்டி நுழையும் அளவு.
ஏன் கைவிட்டேனோ.
மரத்தூள். தூளுக்குள் இரண்டு முட்டை.
ஒன்று நசுங்கியிருந்தது.
மற்றது வெளிர்நீலம்,
இங்கே வருடத்தில் நாலு நாள் தெரியும் வானத்தின் நீலம்.
சில்லிட்டிருந்தது.

கெட்சால்.
எங்கள் பணத்துக்கே அதன் பெயர்.
ஒவ்வொரு நோட்டிலும் பச்சை வாலோடு பறக்கிறது.
அன்று மாலைதான் எச்சில் தொட்டு எண்ணியிருந்தேன்,
மூவாயிரத்து நானூறு.
நேரில் பார்த்ததில்லை ஒன்றைக்கூட.

உலையை அணைத்தேன் என்று சொல்ல ஆசை.
அணைக்கவில்லை.
உள்ளே பதினொரு வீட்டுக் கடன்
பாதி காய்ந்து கிடந்தது.
அடுத்த கட்டையைத் தள்ளினேன்.
அது எந்த மரம் என்று
முதல்முறையாகப் பார்த்துவிட்டுத் தள்ளினேன்.
முட்டையை உலைச்சுவரின் இளஞ்சூட்டில் வைத்து
விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்,
மடத்தனம் என்று தெரிந்தே.

"செத்து நின்ற மரம்தானே,
யாருக்கு ஆகும்?" என்றான் மார்கோஸ்.
செத்த மரத்தில்தான் அது குடியிருக்கும்.
பச்சை மரத்தைக் குடைய அந்த அலகுக்கு வலுவில்லை.
எலியாஸ் சொல்லித்தான் எனக்கே தெரியும்.
"இனி உளுத்தது வாங்கமாட்டேன்."
"எப்போது வாங்கினாய்? எப்போதும் சண்டைதானே."
சரிதான்.
இப்போது சண்டைக்குக் காரணம் இரண்டு.

மார்கோஸ் பள்ளத்தாக்கு உலைக்கு மாறிவிட்டான்.
காப்பித் தோட்டங்களில் கழித்த கிளைகளை வாங்குகிறேன்,
விலை கூடுதல், சூடு குறைவு,
காய ஒரு ராத்திரி அதிகம் பிடிக்கிறது.
இரண்டு குடும்பங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு
அவன் பின்னால் போயின.
அவர்களைக் குறை சொல்ல என்னிடம் வாயில்லை.

படிவம் திரும்பி வந்திருக்கிறது.
பறவைக் கட்டம் காலி, நிரப்பி அனுப்பவும்.
பேனா இருக்கிறது.
ஓடைக்கு மேலே இன்னொரு பட்டமரம் நிற்கிறதாம்,
பொந்திலிருந்து ஒரு பச்சை வால்
வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதாம்.
எலியாஸ் சத்தியம் செய்கிறான்.
மழை விட்டால் ஞாயிறு போய்ப் பார்க்கவேண்டும்.
மழை எங்கே விடும்.
நனைந்துதான் போகவேண்டும்.