எழுபத்தொரு சதவீதம்

நவம்பரில் கம்பெனி மாறினேன்,
ஏழு வருஷம் ஒரே பெயருக்கு விசுவாசமாக இருந்தவன்.
நாரன்துல் சந்தையில் கடைக்காரன்
என் பழைய போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
கிழட்டு ஆட்டின் பல்லைப் பார்ப்பவன் மாதிரி.
"நாற்பதாயிரம் துக்ரிக். அதற்குமேல் ஒரு காசு இல்லை."
பேரம் பேசவில்லை.
மைனஸ் இருபத்தெட்டில் வாய் அதிகம் திறக்கக் கூடாது.

பழையதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
காலை ஆறுக்கு நூறு.
பிரியஸின் கண்ணாடியில் பனி சுரண்டி முடிப்பதற்குள்
தொண்ணூறு.
பதினொன்றுக்கு ஐம்பது.
பிறகு முப்பது என்று காட்டிக்கொண்டே
ஒரு வார்த்தை சொல்லாமல் செத்துப்போகும்.
முப்பது வைத்துக்கொண்டு சாவது
எந்த ஊர் நியாயம்?
அக்குளுக்குள் செருகி, கோட்டை மூடி,
உயிர் வரும்வரை ஒற்றைக் கையால் ஓட்டுவேன்.
குட்டி போட்ட பூனையை மறைத்து வைத்திருக்கிறேனோ என்று
பின்சீட்டில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

புதியது வேறு பிறவி.
முதல் நாள் இரவு பத்துக்கு வீடு வந்து
கதவருகிலேயே நின்று பார்த்தேன்.
எழுபத்தொன்று.
கையுறையைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன்.
எழுபத்தொன்றேதான்.
மறுநாள் சார்ஜ் போடாமலே கிளம்பினேன், வீம்புக்கு.
அன்றும் தாங்கியது.

காஸ் நிரப்பும் வரிசையில் இதைச் சொல்லாத ஆள் இல்லை.
தொமொர்ஹுயாக் அன்று மாலையே போய்
அதே கடையில் அதே மாடல் வாங்கினான்,
நிறம்கூட அதே கறுப்பு.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டேன்.
அக்டோபர் கடைசியில்தான்
ஹோங்கொர்சுல் இஞ்சியோனிலிருந்து திரும்பினாள்.
நான்கு வருஷம் அங்கே
கார் சீட்டுக்கு உறை தைத்தாள், இரவு ஷிஃப்ட்.
பகல் முழுக்க விடுதி அறை.
எனக்கு எட்டு என்றால் அவளுக்கு ஒன்பது,
அவ்வளவுதான் தூரம்.
வீடியோ காலை நாங்கள் அணைப்பதே இல்லை.
டேஷ்போர்டில் அவள் நூடுல்ஸ் கொதிக்க வைப்பாள்,
சாக்ஸ் காயப்போடுவாள்,
யாரையாவது திட்டுவாள், தூங்கிப்போவாள்.
தூங்கும்போதும் கால் ஓடும்.
அமைதிப் பாலத்தில் வண்டிகள் நகராத மதியங்களில்
ஹீட்டர் இரைச்சலுக்கு நடுவே
அவள் மூச்சு வரும், போகும்.
"யாரோ குறட்டை விடுகிறார்களே?"
என்று ஒரு பள்ளி ஆசிரியை பயந்து கேட்டார்.
"என் மனைவி" என்றேன்.
நுரையீரல் மருத்துவமனையில் இறங்கும்வரை
அந்த அம்மாள் மெதுவாகவே பேசினார்.

இப்போது நடுவில் ஒரு சுவர்தான்.
இரவில் தூக்கம் பிடிக்காத பழக்கம் அவளை விடவில்லை.
நான் கிளம்பும்போது படுக்கிறாள்,
நான் படுக்கும்போது எழுந்து
சமையலறை விளக்கின் கீழே எதையோ தைக்கிறாள்.
பிளாஸ்கில் உப்புத் தேநீர் இருக்கும்.
தட்டின் மேல் தட்டு கவிழ்ந்திருக்கும்.
"சாப்பிட்டாயா?"
"ம்."
இதற்கெல்லாம் பாட்டரி செலவாவதில்லை.

நேற்று மதியம் தொமொர்ஹுயாக்
என் கண்ணாடியைத் தட்டினான்.
"பொய்க்காரா! ஒன்பது சதவீதம்! மணி இரண்டுகூட ஆகவில்லை!"
போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.
அதற்குள் வார்சாவில் காலை ஏழு.
படிக்கப் போன அவன் மகள்
வாய் நிறைய நுரையோடு பல் துலக்கிக்கொண்டு
எனக்குக் கையாட்டினாள்.
நானும் ஆட்டினேன்.

"திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன்" என்றான்.
நிலக்கரிப் புகை எங்கள் இருவருக்கும் நடுவே போனது.
என் சட்டைப்பையில் எண்பத்தெட்டு சதவீதம் இருந்தது.

"திரை வெளிச்சத்தைக்
கொஞ்சம் குறைத்துப் பார்"
என்றேன்.