கூட்டல் கழித்தல்

பசவனகுடி, தகரக் கூரையில் தூறல்.
என் தாளில் ரோசலின் வரிசை:
புள்ளி இரண்டு, ரீபவுண்ட் ஒன்று, ஃபவுல் நான்கு.
"அடுத்த மேட்ச் இவள் பேடம்மா" என்றார் கோச்.

கடைசிக் கட்டத்தைக் காட்டினேன்.
அவள் ஆடிய பதினெட்டு நிமிடத்தில்
நாங்கள் பதினொன்று கூடுதல்.
தண்ணீர் குடிக்க உட்கார்ந்த நாலு நிமிடத்தில்
ஒன்பது போயிற்று.

"ஒரு ஆட்டம்தானே."
"ஆறு, சார்."
ஆறை வைத்தும் சத்தியம் செய்ய முடியாது,
எனக்கே தெரியும்.

அதற்குள் களத்தில்
சுப்ரதாவுக்கு வழிவிட
ஒருத்தியின் தோளை நெஞ்சில் வாங்கி
விழுந்தாள் ரோசலின்.
பந்து உள்ளே.
கைதட்டல் சுப்ரதாவுக்கு.

முழங்கையைத் துடைத்தபடி எழுகிறவளுக்கு
தாளில் கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால்
ஒரு கோடு போட்டேன்.