அளவு நாடா

எலுனெட் ப்ராசரின் பண்ணைக்கு ஏறும் பாதையில்
கவுன்சில் வண்டி இரண்டு முறை வழுக்கியது.
வேல்ஸ் மழை. அக்டோபரில் பிடித்தது, விடவில்லை.
என்னிடம் இருந்தவை:
ஓர் அளவு நாடா, ஒரு வெப்பமானி,
பதினோரு பக்கப் படிவம்,
மாற்றிக்கொள்ள ஒரு ஜோடி காலுறை.

நான்கு ஆட்டர்ஹவுண்டுகள்
சொட்டச் சொட்ட வந்து என் முழங்காலை மோந்தன.
ஐந்தாவது அடுப்படியிலிருந்து எழவே இல்லை.
தாடி வைத்த இனம்.
நீர்நாய் வேட்டை நின்று வெகுகாலம் ஆயிற்று;
வேலை போன செய்தி எட்டாமல்
இன்னும் ஆற்றில் இறங்கிக்கொண்டிருக்கின்றன.

"குட்டி போடும் இடம்?" என்றேன்.
சமையலறையைக் காட்டினார்.
அடுப்புக்கும் ரொட்டி அலமாரிக்கும் நடுவே
ஒரு மரப்பெட்டி.
இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் அதற்கு வேலை.
அதற்கு முன்னால்
தாயின் இடுப்பெலும்பை எக்ஸ்ரே எடுக்க வேண்டும்,
தகப்பனின் ரத்தம் ஆய்வுக்குப் போய்வர வேண்டும்,
வாங்குகிறவர் வீட்டு வேலியை இவரே போய்
ஆட்டிப் பார்க்க வேண்டும்.
பிடிக்காவிட்டால் முன்பணம் வாசலிலேயே திரும்பிவிடும்.

இதற்கெல்லாம் படிவத்தில் கட்டம் இல்லை.
தரை கழுவக்கூடியதா, அதற்கு இருந்தது.
வசிக்கும் வீட்டிலிருந்து
கொட்டில் எத்தனை மீட்டர் தள்ளி, அதற்கும்.

பூஜ்யம் என்று எழுதினேன்.
பேனா அந்தப் பூஜ்யத்தையே
இன்னொரு முறை சுற்றியது.

விதி நல்ல எண்ணத்தில் பிறந்ததுதான்.
அந்தக் கூட்டத்துக்கு நாற்காலி போட்டவன் நான்.
கூண்டின் மேல் கூண்டாக அடுக்கிய கொட்டகை ஒன்றைத்
திரையில் காட்டினார்கள்;
உறுப்பினர்கள் கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்தார்கள்.
ஒருவர் அழுதார். கைகள் உயர்ந்தன.
அந்தக் கொட்டகை எந்த ஊர் என்று
யாரும் கேட்கவில்லை.
கட்டணம் மூன்று மடங்கு. வீட்டுக்கு ஐந்து நாய், அதற்கு மேல் கூடாது.
பதிவேட்டில் பெயர் இருந்த எல்லோருக்கும் கடிதம் போனது.

பதிவேட்டில் யார் பெயர் இருக்கும்?
தாமாக வந்து கொடுத்தவர் பெயர்.

எலுனெட் சண்டை போடவில்லை.
டின்னைத் திறந்து ரசீதுகளைக் காட்டினார்.
தொண்ணூற்றாறிலிருந்து, ஒரு வருடம் விடாமல்.
"கொட்டில் கட்ட ஒன்பதாயிரம் பவுண்டு கேட்கிறான் கொத்தன்.
ஓர் ஈத்தில் எனக்கு அதில் கால்வாசி வந்தால் அதிகம்.
ஆகவே நெஸ்டாவோடு சரி."
பெயர் கேட்டு, அடுப்படியில் கிடந்த நெஸ்டா
வாலால் ஒருமுறை தரையைத் தட்டினாள்.
பலகைத் தரை. கழுவினால் உளுத்துப்போகும்.

நிராகரிக்கப்பட்டது என்பதை
வண்டிக்குப் போய் எழுதினேன்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, இரவு பதினொன்றே கால்.
குவாரி சாலையில் ஒரு பெட்டை.
கழுத்தில் வில்லை இல்லை. தோலுக்குள் சிப் இல்லை.
மடி மட்டும் இருந்தது, தரையைத் தொட்டுக்கொண்டு.
டார்ச் வெளிச்சம் பட்டதும் மல்லாந்தாள்;
அடி விழும் என்று தெரிந்து வைத்திருந்தாள்.
குட்டிகள் எங்கோ. அந்த எங்கோவுக்கு
ஒருநாளும் நாங்கள் கடிதம் போட்டதில்லை.
விலாசம் தெரியாது.

காப்பகம் திங்கள்வரை பூட்டு.
மூன்று எண்களை அழைத்தேன்.
நான்காவது, என் கோப்பில் நானே
சிவப்பு மையால் மூடிய எண்.

ஏற்கனவே ஐந்து இருக்கிறதே என்று நான் சொல்லவில்லை.
அவரும் நினைவூட்டவில்லை.
"பின்கதவுக்கு வா, கெத்தின். காலைத் துடைத்துக்கொள்."

மரப்பெட்டியில் போர்வை விரித்திருந்தது.
வந்தவள் அதற்குள் நின்றாள்.
துணிமேல் படுப்பது எப்படி என்று
அவளுக்குத் தெரியவில்லை.
எலுனெட் பெட்டியோரம் தரையில் உட்கார்ந்தார்.
நெஸ்டா எழுந்து வந்து, பெருமூச்சோடு,
மறுபக்கம் சாய்ந்தாள்.
ஒரு மணி சுமாருக்கு
முன்னங்கால் மடிந்தது. பிறகு பின்னங்கால்.

ஆறிய தேநீரைக் குடித்தேன்.
கோட்டுப் பையில் அளவு நாடா உறுத்தியது.
அடுப்பிலிருந்து பெட்டிக்கு
எண்பது சென்டிமீட்டர் இருக்கும்.
கண்ணளவுதான்.